ஆந்தை எதைப் பார்த்துப் பறந்து வருகிறது?



வெள்ளை வெளேரென்ற பனிவெளி. அதன்மேல் இறக்கைகள் இரண்டையும் அகல விரித்தபடி ஓர் ஆந்தை நேராக நம்மை நோக்கிப் பறந்து வருகிறது. அதன் மஞ்சள் கண்கள் நம்மையே உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கும். நாள்காட்டியில், கணினித் திரையில், ஏன், கைப்பேசிக்கு வரும் காலை வணக்கச் செய்தியில்கூட இப்படி ஒரு படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'எப்படித்தான் எடுத்தார்களோ!' என்று வியந்தும் இருப்பீர்கள்.

அந்த வியப்பு இருக்கட்டும். இப்போது ஒரு கேள்வி. காட்டில் வாழும் ஓர் ஆந்தை, முக்காலியும் பெரிய கேமராவுமாக நிற்கும் ஒரு மனிதனை நோக்கி ஏன் பறந்து வர வேண்டும்? அது உண்மையில் எதைப் பார்த்து வருகிறது?

இயற்கைப் படங்களைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நான் முன்வைத்த கேள்வி இதுதான். விளம்பர இடைவேளை போக எஞ்சிய நேரத்தில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. மீதியைக் கேட்ட நேயர்களுக்காகவும், நிகழ்ச்சியைப் பார்க்காத வாசகர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆந்தை என்றாலே நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அது அலறினால் வீட்டில் துக்கம் வரும் என்று தோட்டத்து லயத்தில் பாட்டிமார்கள் கதவைச் சாத்தியது ஒரு காலம். அதே தோட்டங்களில் இன்று நிலைமை வேறு. செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலிகளை ஒழிக்க, கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியமர்த்துகிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்றுவிடும். அபசகுனமாக இருந்த பறவை இப்போது சம்பளம் வாங்காத தோட்டக் காவலாளி!

ஆனால் நான் சொல்ல வந்தது நம் ஊர் ஆந்தைகளைப் பற்றி அல்ல. அந்தப் பனிப் படங்களில் வரும் ஆந்தைகள் வட துருவத்தையும் அதை ஒட்டிய காடுகளையும் சேர்ந்தவை. காக்கைக்குப் பகல், கூகைக்கு இரவு என்று திருக்குறள் வழியாகப் படித்தவர்கள் நாம். அந்தப் பிரிவினை வடக்கே செல்லுபடியாவதில்லை. கோடையில் சூரியனே மறையாத துருவப் பகுதியில் வாழும் பனி ஆந்தை, இரவு வரட்டும் என்று காத்திருந்தால் பட்டினிதான். எனவே அது பகலிலும் வேட்டையாடுகிறது. சாம்பல் பேராந்தையும் அப்படியே, குறிப்பாக அதிகாலையிலும் மாலையிலும். புகைப்படக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெளிச்சத்தில் வேலை செய்யும் ஆந்தை!

இன்னொரு காரணமும் உண்டு. சில குளிர்காலங்களில் இந்த ஆந்தைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கி வருகின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் நகருக்கு வடக்கே சாக்ஸ்-சிம் என்றொரு சதுப்பு நிலக் காடு இருக்கிறது. குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். ஆந்தை பார்ப்பவர்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலம் மாதிரி. 2004-2005 குளிர்காலத்தில் கனடாக் காடுகளில் வயல் எலிகள் குறைந்துபோனதால் சாம்பல் பேராந்தைகள் தெற்கே திரண்டன. மின்னசோட்டாவில் மட்டும் 5,000-க்கும் மேல் எண்ணப்பட்டன. சாலையோர மரங்களில் வரிசையாக உட்கார்ந்திருந்த அவற்றைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதே குளிர்காலத்தில் அந்தச் சாலைகளில் வாகனம் மோதிச் செத்த ஆந்தைகளும் நூற்றுக்கணக்கில். பின்னால் வரப்போகும் செய்திக்கு இது முக்கியம், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி ஆந்தையின் கதை இதற்கு நேர்மாறு. துருவப் பகுதியில் லெம்மிங் என்ற குட்டையான எலி பெருகும் ஆண்டில் பனி ஆந்தைகள் நிறையக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த இளம் ஆந்தைகள் குளிர்காலத்தில் நாலாபுறமும் சிதறுகின்றன. 2013-2014 குளிர்காலத்தில் அவை ஃபுளோரிடா வரை, பெர்மூடா தீவு வரைகூட வந்து சேர்ந்தன. அந்த வருகையைத் தொடர்ந்து 2013 டிசம்பரில் தொடங்கிய 'புராஜெக்ட் ஸ்னோஸ்டோர்ம்' என்ற ஆய்வுக் குழு, ஆந்தைகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து வருகிறது. 'பாவம், பசி தாங்காமல் வந்துவிட்டன' என்பதே அதுவரை பலரின் எண்ணம். பிடித்து எடை பார்த்தால் பெரும்பாலானவை நல்ல உடற்கட்டோடுதான் இருந்தன.

சரி, இந்த ஆந்தை எப்படி வேட்டையாடுகிறது? இதைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு படம் மெய்யா பொய்யா என்பது புரியும்.

சாம்பல் பேராந்தை பார்வைக்கு ஒரு சிறு பிள்ளை அளவுக்குப் பெரிதாகத் தெரியும். தூக்கிப் பார்த்தால் சுமார் ஒரு கிலோதான் இருக்கும். மற்றதெல்லாம் இறகு! தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் அதன் முகம் ஒலியைச் சேகரிக்கும் கருவி. வீட்டுக் கூரையில் இருக்கும் ஒளிபரப்புத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அதனால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதோடு, எவ்வளவு கீழே இருந்து வருகிறது என்பதையும் அதனால் கணிக்க முடிகிறது. ஒரு முழ ஆழத்தில், அதாவது 45 சென்டிமீட்டர் பனிக்கு அடியில், வளை தோண்டும் எலியின் அசைவை அது காதால் கேட்டே பிடிக்கிறது. அந்த எலியை அது கண்ணால் பார்ப்பதே இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் கனடாவின் மனிடோபா மாநிலத்தில் செய்த ஆய்வை 2022-இல் வெளியிட்டார்கள். நீரில் கிடக்கும் காசு சற்றுத் தள்ளி இருப்பதுபோல் நம் கண்ணுக்குத் தெரியுமல்லவா? பனிக்குள்ளிருந்து வரும் ஒலியும் அப்படி வளைந்து இடம் மாறிக் கேட்கிறது. நேர் மேலே போய்விட்டால் அந்த ஏமாற்று குறைந்துவிடும். அதனால்தான் இந்த ஆந்தை பாய்வதற்கு முன் எலிக்கு நேர் மேலே அந்தரத்தில் சில நொடிகள் நின்று, காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத் தலைகுப்புறப் பனிக்குள் விழுகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இயல்பாக வேட்டையாடும் சாம்பல் பேராந்தை கீழே பார்க்கிறது, கேட்கிறது, செங்குத்தாக விழுகிறது. தாழ்வாக, நீளமாக, ஒரு கேமராவை நோக்கியே பறந்து வர அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்தக் காரணம் கேமராவுக்குக் கீழே பனியின்மேல் கிடக்கிறது. வளர்ப்புப் பிராணிக் கடையில் பெட்டியில் வாங்கிய எலி!

இது ஊகம் அல்ல. வட அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்து வரும் பழக்கம். கட்டணம் வாங்கிப் புகைப்படக்காரர்களை அழைத்துச் செல்லும் சில வழிகாட்டிகளே எலியைக் கையில் வைத்திருப்பார்கள். ஆந்தை கம்பத்தில் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் வரிசையாக நின்று, கேமராவின் கூர்மையைச் சரிசெய்து, 'தயார்' என்றதும் எலி வீசப்படும். ஆந்தை பாயும். பன்னிரண்டு கேமராக்கள் ஒரே நேரத்தில் படபடக்கும். வேண்டிய கோணம் கிடைக்காவிட்டால் இன்னோர் எலி. சிலர் தூண்டில் கயிற்றில் பொம்மை எலியைக் கட்டி இழுப்பார்கள். அதில் ஆந்தைக்குக் கிடைப்பது அலைச்சல் மட்டும்தான்.

இதைச் சொன்னபோது அரங்கில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, புறாவுக்குத் தானியம் போடுகிறோம், காக்கைக்குச் சோறு வைக்கிறோம். குளிரில் கிடக்கும் ஆந்தைக்கு ஓர் எலியைப் போட்டால் அது புண்ணியம்தானே?” என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நியாயமான கேள்விதான்.

நான் சொன்ன பதில் இது. ஐயா, காக்கைக்குச் சோறு வைக்கும்போது அதை நடுச்சாலையில் வைப்பதில்லை. ஆந்தைக்கு எலி வீசப்படும் இடம் பெரும்பாலும் சாலையோரம், ஏனென்றால் கார் அங்கேதான் நிற்கிறது. நாலு முறை அப்படி இரை கிடைத்த ஆந்தைக்கு ஒரு பாடம் பதிந்துவிடுகிறது: வாகனம் நின்றால் சாப்பாடு. அப்புறம் அது சாலை ஓரத்திலேயே காத்திருக்கும். வண்டியின் குறுக்கே தாழ்வாகப் பறக்கும். 2004-2005-இல் என்ன நடந்தது என்று முன்பே சொன்னேன். யாரும் எலி வீசாதபோதே சாலைகள் அந்தப் பறவைகளுக்கு எமனாகத்தான் இருந்தன. வேலை மெனக்கெட்டு அவற்றை அங்கே வரவழைப்பானேன்? கடை எலியிலிருந்து நோய்க்கிருமி தொற்றும் அபாயமும் இருக்கிறது. பசிக்காக என்றால், எடை பார்த்த ஆய்வாளர்கள்தான் சொல்லிவிட்டார்களே. எலி வீசப்படுவது ஆந்தையின் பசிக்கு அல்ல, படத்தின் பசிக்கு. படம் கிடைத்ததும் எல்லாரும் விமானம் ஏறிவிடுவார்கள். பழக்கம் மட்டும் ஆந்தையிடம் தங்கிவிடும்.

அமெரிக்காவின் ஆடுபான் அமைப்பு, உயிருள்ள இரையைக் காட்டி ஆந்தையையும் பருந்தையும் ஈர்க்கவே கூடாது என்று புகைப்படக்காரர்களுக்கு விதி வகுத்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் நடத்தும் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர் போட்டியிலும் உயிர் இரைக்கு அனுமதி இல்லை. அந்தப் போட்டி பட்ட பாடு அப்படி! 2009-இல் முதற்பரிசு பெற்றது வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னிப் படத்தில் இருந்தது பஞ்சடைத்த பாடம் செய்த விலங்கு என்று 2018-இல் தெரியவந்தது.

எங்கள் தொழிலும் சுத்தமானது என்று நான் மார்தட்டப் போவதில்லை. பொதுத் தொடர்பியல் டிப்ளோமா படித்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்ட பழைய உதாரணம் ஒன்று உண்டு. டிஸ்னி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற ஆவணப்படம் ஆஸ்கார் விருதும் வாங்கியது. பனி ஆந்தையின் இரை என்று சொன்னேனே, அந்த லெம்மிங்குகள் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாக அதில் ஒரு காட்சி. 1982-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதைத் துருவி வெளியிட்டது. லெம்மிங்குகள் குதிக்கவில்லை, படக்குழுவினர் விலைக்கு வாங்கி வந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள்! ஆனாலும், சிந்திக்காமல் கூட்டத்தோடு போய் அழிபவர்களை 'லெம்மிங்' என்று ஆங்கிலத்தில் திட்டுவது இன்னும் நின்றபாடில்லை. பொய்ப் படத்தின் ஆயுள் அதை எடுத்தவரின் ஆயுளைவிட நீளமாகிவிடுகிறது.

அப்படியானால் ஆந்தைக்கு மனிதன் உணவு கொடுப்பது எப்போதுமே தவறா? இங்கேதான் ஜப்பானுக்குப் போக வேண்டும்.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிளேக்கிஸ்டன் மீன் ஆந்தை வாழ்கிறது. உலகின் மிகப் பெரிய ஆந்தைகளில் ஒன்று. இறக்கையை விரித்தால் ஆறு அடி. அந்த மண்ணின் பூர்வகுடியான அய்னு மக்கள் இதை 'கோட்டான் கோர் கமுய்' என்கிறார்கள். ஊரைக் காக்கும் தெய்வம் என்று பொருள். அவர்கள் மொழியில் கோட்டான் என்றால் ஊர். நம் மொழியில் கோட்டான் என்றால் பெரிய ஆந்தை. தொடர்பு ஏதும் இல்லை. தற்செயல்தான், என்றாலும் கேட்கும்போது ஒரு சிலிர்ப்பு.

பொந்துள்ள பழைய பெருமரங்கள் வெட்டப்பட்டன. ஆறுகளில் அணைகளும் தடுப்புகளும் கட்டப்பட்டதால் மீன் ஏறி வர வழியில்லாமல் போனது. ஹொக்கைடோவில் இந்த ஆந்தை நூற்றுக்கும் குறைவாக அருகியது. 1984 முதல் ஜப்பானிய அரசு மரங்களில் கூட்டுப் பெட்டிகளை வைத்தும், மீன் குறைந்த இடங்களில் தொட்டிகளில் மீன் விட்டும் இதைக் காப்பாற்றி வருகிறது. எண்ணிக்கையும் மெல்ல ஏறியிருக்கிறது. ஆக, உணவு கொடுத்ததால் பிழைத்த ஆந்தையும் உண்டு.

அதே தீவின் ராவுசு என்ற மீனவ ஊரில் ஓடையோரத் தங்குவிடுதி ஒன்று இருக்கிறது. ஓடை நீரில் கல் அடுக்கிச் சிறு குட்டை கட்டி, உயிர் மீன் விட்டு, விளக்கும் அமைத்திருக்கிறார்கள். விருந்தினர்கள் உள்ளே சத்தமின்றி உட்கார்ந்திருப்பார்கள். ஆந்தை ஏழு மணிக்கும் வரலாம், நள்ளிரவு இரண்டு மணிக்கும் வரலாம். உலகில் நாம் காணும் பிளேக்கிஸ்டன் ஆந்தைப் படங்களில் பல அங்கே எடுத்தவைதான். இது சரியா? என் கருத்தைக் கேட்டால், மின்னசோட்டாச் சாலையோரமும் இதுவும் ஒன்றல்ல என்பேன். இங்கே குட்டை இடம் மாறுவதில்லை, வண்டி குறுக்கே வருவதில்லை, மனிதன் வெளியே தலைகாட்டுவதில்லை. ஆயினும் அந்தப் படத்தின் கீழே 'உணவுக் குட்டையில் எடுத்தது' என்று ஒரு வரி இருக்க வேண்டும். பல படங்களில் அந்த வரி இருப்பதில்லை.

இனி, ஓர் எலியும் வாங்காமல் நல்ல படம் எடுப்பது எப்படி என்று பார்ப்போம். டிசம்பர், ஜனவரியில் குளிர்நாடுகளுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். ஆந்தை கண்ணில் படாவிட்டாலும் பனியில் படம் எடுக்க இதில் பல பயன்படும்.

முதல் பாடம், காரைவிட்டு இறங்காதீர்கள். ஆந்தைக்குக் கார் ஒரு பெட்டி, மனிதன்தான் ஆபத்து. பின்னால் வரும் வாகனத்துக்கு இடையூறில்லாமல் ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கண்ணாடியை இறக்கி, சன்னல் விளிம்பில் ஒரு பீன்ஸ் மூட்டை (நாம் அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம்) வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். காரின் சூடேற்றியையும் அணைத்துவிடுங்கள். குளிரில் நடுங்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் உள்ளேயிருக்கும் சூடான காற்று சன்னல் வழியே வெளியேறிக் குளிர்காற்றோடு கலக்கும்போது, நண்பகல் தார்ச்சாலையில் கானல் அலைவதுபோல் லென்ஸுக்கு முன்னால் காற்று அலையும். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்கிய லென்ஸ் மங்கலாக எடுக்கிறதே என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்து வெளிச்சம். கேமராவுக்குப் பனி என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணி அளக்கும். அதனால் தானியங்கி முறையில் எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குத் துணி மாதிரி வரும். வெளிச்ச அளவை ஒன்று முதல் இரண்டு படி கூட்டி வையுங்கள். பனி ஆந்தையாக இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் ஆந்தையும் வெள்ளை, தரையும் வெள்ளை. அளவுக்கு மேல் கூட்டினால் இறகின் நுணுக்கம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். அப்படி அழிந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கேமராத் திரையில் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் வலது சுவரை ஒட்டி வரலாம், மோதக் கூடாது. பறக்கும் ஆந்தைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2,000-இல் ஒரு பங்காவது வேண்டும். உட்கார்ந்திருப்பதற்கு 500-இல் ஒரு பங்கே தாராளம்.

பனிக்காலத்து வெளிச்சத்தில் ஒரு கொடை உண்டு. எங்கள் ஸ்டூடியோவில் முகத்தின் கீழ்ப்பக்க நிழலைப் போக்க வெள்ளை அட்டையைப் பிடிப்போம். அங்கே தரை முழுவதும் வெள்ளை அட்டைதான்! பறக்கும் ஆந்தையின் இறக்கைக்கு அடியில்கூட நிழல் விழாமல் ஒளி நிரம்பியிருக்கும். வெப்பமண்டலக் காட்டில் இந்த வசதிக்கு எங்கே போவது?

மின்கலம் குளிரில் விரைவில் சோர்ந்துவிடும். மாற்று மின்கலத்தைக் கேமராப் பையில் வைக்காமல் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். சோர்ந்ததைச் சூடாக்கினால் அதுவும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். அறைக்குத் திரும்பும்போதுதான் பெரிய ஆபத்து. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது நமக்குப் பழக்கமானதே. மைனஸ் 20-லிருந்து சூடான அறைக்குள் கேமரா வந்தால் அதே ஆவி அதன் வயிற்றுக்குள்ளும் படியும். எனவே வெளியே இருக்கும்போதே கேமராவை ஒரு நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டி, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். இரண்டு மூன்று மணி நேரம் திறக்காதீர்கள். படம் பார்க்கும் ஆவலில் நினைவு அட்டையை எடுக்கத் திறப்பவர்கள்தான் அதிகம். அதை வெளியிலேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு நெருங்கலாம்? அதை மீட்டர் கணக்கில் சொல்ல முடியாது. ஆந்தையே சொல்லும். கண்கள் பாதி மூடியிருந்தால், இறகைக் கோதிக்கொண்டிருந்தால், அது உங்களைப் பொருட்படுத்தவில்லை. உடம்பை நெட்டையாக ஒடுக்கிக்கொண்டு, கண்களை அகலத் திறந்து உங்களையே பார்த்தால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்க வேண்டிய நேரம். பறந்துவிட்டது என்றால் வேட்டையும் போயிற்று. வட மின்னசோட்டாவில் டிசம்பர்ப் பகல் எட்டரை மணி நேரம்தான். அதற்குள் இரை தேட வேண்டிய பறவையை நாலு கார்க்காரர்கள் மாறி மாறி எழுப்பினால் அதன் நாள் வீண். அகன்ற கண்ணோடு கேமராவை முறைக்கும் ஆந்தையைப் பார்த்து 'என்ன கம்பீரம்!' என்று நாம் புகழும் படங்கள் பலவற்றில், அந்தப் பறவை மிரண்டுபோய்த்தான் இருக்கிறது.

ஆகவே தூரத்திலிருந்தே எடுத்துவிட்டு வீட்டில் வந்து ஓரத்தை வெட்டுங்கள். எடிட்டிங்கில் என் முதல் ஆலோசனை இதுதான். இன்றைய கேமராக்களின் படக்கோப்பு பாதியாக வெட்டினாலும் நாளிதழில் அச்சிடத் தாங்கும். ஆந்தையைச் சுற்றிப் பனிவெளியும் மரங்களும் நிறையத் தெரியும்படி விட்டாலும் அழகே. அது வாழும் இடம் அதுதானே!

படத்தைச் சுருக்கப்படாத 'ரா' கோப்பாக எடுத்திருந்தால் திருத்த இடம் இருக்கும். முதலில் அதிக வெளிச்சப் பகுதிகளைச் சற்றுக் குறைத்து இறகுக் கோடுகளை மீட்கலாம். பிறகு நிறம். தெளிந்த நாளில் பனியின் நிழல் நீலமாகத் தெரியும். வானத்தின் நிறம் அது. பலர் இதைக் கேமராவின் குறை என்று எண்ணி, நீலத்தை முழுக்கத் துடைத்துவிடுவார்கள். அப்போது படம் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. கொஞ்சம் குறைக்கலாம், துடைக்க வேண்டாம். கண்ணின் மஞ்சளைக் கூட்டுவது இன்னொரு வியாதி. ஆந்தையின் கண் இயல்பிலேயே பளிச்சென்று இருப்பது. அதற்கு நம் உதவி தேவையில்லை.

இரைச்சல் போல் தெரியும் புள்ளிகளை நீக்கவும் மங்கலைக் கூர்மையாக்கவும் இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. அளவோடு பயன்படுத்தினால் நல்லவை. அளவு மீறினால், கேமரா பார்க்காத இறகுகளை அவை தாமாகவே வரைந்து வைக்கும். 2023-இல் போட்டோஷாப்பில் சேர்ந்த வசதி ஒன்றில், 'பனிக் காடு' என்று எழுதினால் பின்னணியில் காடே முளைத்துவிடுகிறது. நான் வைத்திருக்கும் கோடு எளிமையானது: அங்கே இருந்த வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், அங்கே இல்லாத பொருளைச் சேர்க்கவோ, இருந்த பொருளை அகற்றவோ கூடாது. முகத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி இருந்தால்? சுவரில் மாட்ட அழிப்பது அவரவர் விருப்பம். செய்திப் படமென்றோ போட்டிப் படமென்றோ கொடுத்தால் குச்சி இருக்கட்டும். மேலே சொன்ன லண்டன் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பையே கேட்கிறார்கள். எலி வீசி எடுத்தவர்கள் எடிட்டிங்கில் முதலில் அழிப்பது எதை என்று நான் சொல்லத் தேவையில்லை.

“இவ்வளவு கட்டுப்பாட்டோடு யாரால் அப்படி ஒரு படம் எடுக்க முடியும்?” என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். கனடாவின் மாண்ட்ரீல் நகரில் 40-ஆம் எண் நெடுஞ்சாலைக் கம்பத்தில் பொருத்தியிருந்த போக்குவரத்துக் கண்காணிப்புக் கேமரா எடுத்தது. 2016 ஜனவரியில் ஒரு பனி ஆந்தை இறக்கை விரித்து அதன் முன்னால் பறந்து போனது. கியூபெக் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அந்தப் படத்தை வெளியிட, உலகம் முழுவதும் பரவியது. எலி இல்லை, முக்காலி இல்லை, படம் பிடிப்பவரே இல்லை. பின்னணியில் கார்கள் ஓடும் சாலை. அழகென்றால் அப்படி ஓர் அழகு!

கடைசியாக எடிட்டிங்கில் பலர் மறக்கும் ஒரு வேலை. கைப்பேசியும் சில கேமராக்களும் படம் எடுத்த இடத்தைக் கோப்புக்குள்ளேயே குறித்து வைத்துவிடுகின்றன. அதை நீக்காமல் படத்தை அனுப்பினால், அடுத்த வாரம் அந்த மரத்தடியில் நாற்பது பேர் நிற்கக்கூடும். பறவை ஆர்வலர்கள் பதிவிடும் 'ஈபேர்ட்' தளமே, தொந்தரவுக்கு ஆளாகக்கூடிய சில பறவைகளைக் கண்ட இடத்தை மறைத்துவிடுகிறது. நம் நாட்டில் பிரேசர் மலையிலோ, வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனைத் தோட்டத்திலோ ஆந்தைக் கூட்டைப் பார்த்துப் படம் எடுத்தாலும் இதே முறைதான். கைப்பேசியின் கேமரா அமைப்புகளுக்குப் போய் 'இருப்பிடம்' என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். படத்தின் கீழே ஆந்தையின் பெயர், மாதம், மாநிலம் ஆகியவற்றோடு, அது காட்டில் தானாக வந்ததா, உணவு வைத்த இடத்தில் எடுத்ததா, விலங்குக் காட்சிச்சாலையில் எடுத்ததா என்று எழுதுங்கள். மரத்தின் பெயரும் சாலையின் பெயரும் வேண்டாம்.